ஏழாவது கட்டம்

ஒரு வீட்டில் ஏசி பழுதானால் அதைச் சரிசெய்யும் உரிமை அந்த வீட்டுக்காரருக்குக் கிடையாது என்பது எல்லோரும் அறிந்ததே. மூடியைத் திறக்கலாகாது, ஃபில்டரைத் தொடலாகாது. வேண்டுமானால் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம், அதற்குத் தடை இல்லை. வீட்டுக் குளிர்ச்சி ஒழுங்குமுறை அலுவலகம் ஒவ்வொரு ஏசியின் மூடியிலும் ஒரு சிவப்புச் சீல் ஒட்டி வைத்திருக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் மனமார ஆதரிப்பவன். அரசாங்கத்தின் படிவப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். கட்டம் போட்ட காகிதம் இல்லாமல் ஒரு நாடு உருப்படும் என்று எவனாவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

எங்கள் ஏசி ஒரு திங்கட்கிழமை காலையில் கையை விரித்தது. ஓடுகிறது, சத்தம் வருகிறது, குளிர் மட்டும் வரவில்லை. சாதாரண நாளாக இருந்தால் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை மகள் வருகிறாள், ஐந்து மாதக் குழந்தையோடு. பேத்தியை நான் அதுவரை போனில்தான் பார்த்திருந்தேன். ஒரு மாதம் இருப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"மாமா, பாப்பாவுக்குச் சூடு ஒத்துக்காது. வேர்க்குரு ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

என் மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி, மூடியின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"என்னங்க, ஃபில்டர் பூரா தூசி. ஒரு பக்கெட் தண்ணி, ஒரு பழைய பிரஷ், பத்து நிமிஷ வேலை."

"இறங்கு முதல்ல. சீலைத் தொட்டா குற்றம். நான் முறைப்படி புகார் கொடுத்துட்டு வர்றேன்."

"முறைப்படி போனா பேத்தி கல்யாணத்துக்குத்தான் குளிர் வரும்."

பெண்களுக்கு நிர்வாகம் புரிவதில்லை என்று எண்ணிக்கொண்டு கிளம்பினேன்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அலுவலகத்துக்குள் கால் வைத்ததும் பல் கிட்டித்தது. புகார் மேசையில் இருந்த கிளார்க் ஸ்வெட்டர் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றி, இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டிருந்தார். படிவம் தந்தார். ஆறு கட்டங்களையும் மணிமணியாக நிரப்பிக் கொடுத்தேன். ஏழாவது கட்டம் அவர் நிரப்ப வேண்டியது. 'புகாரைப் பெறும் அலுவலர், அவ்விடத்தும் அந்நேரத்தும் நிலவும் வெப்பநிலையைத் தாமே அளந்து பதிவு செய்தல் வேண்டும்.'

கிளார்க் ஒரு தெர்மாமீட்டரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பயபக்தியோடு காத்திருந்தார்.

"பதினெட்டு டிகிரி."

"இது உங்க ஆபீஸோட குளிருங்க. பழுது என் வீட்டுல."

"சார், நீங்க புகார் எங்க குடுக்கறீங்க?"

"இங்க."

"எப்போ?"

"இப்போ."

"இங்க, இப்போ, பதினெட்டு. இதுக்கு மேலயும் குளிர் கேட்டா அது பேராசை சார்."

'புகாருக்கு முகாந்திரம் இல்லை' என்று முத்திரை குத்தி ஒரு நகலை என்னிடம் நீட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும், அந்த ஏழாவது கட்டத்தின் வாசகத்தில் ஓர் ஓட்டை கிடையாது. எழுதியவர் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் அவருடைய மேலதிகாரியைப் பார்த்தேன். கம்பளிக்குள்ளிருந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டி என் நகலைப் படித்தார்.

"உங்க வீட்டுல பதினெட்டுன்னு பதிவாகியிருக்கே. வீடுகளுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு இருபத்திரண்டு. மிகைக் குளிர்ச்சின்னு உங்க மேலயே நடவடிக்கை எடுக்கலாம். பெரியவர், போனாப் போகுதுன்னு விடறேன்."

நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் மனைவி காரியத்தை முடித்திருந்தாள். கத்தி முனையால் சீலைப் பக்குவமாக நெம்பி எடுத்து, ஃபில்டரைக் கொல்லைக் குழாயில் கழுவி, உலர்த்தி, மாட்டி, சீலைக் கோந்து போட்டுத் திரும்ப ஒட்டியிருந்தாள். அறை சில்லென்று இருந்தது. எனக்கு வாழ்க்கையில் இரண்டு பயம். சட்டம் ஒன்று, மனைவி ஒன்று. இரண்டில் பெரிய பயத்துக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பேத்தி வந்தாள். என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. படிவப் பிரிவு ரத்தம் அல்லவா! ஐயோ, எவ்வளவு சின்னக் கை! இந்த ஒரு மாதம் கிடைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அந்த மேலதிகாரி. கம்பளி இல்லை, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கையில் ஒரு பை. சீல் விஷயம் தெரிந்துவிட்டது, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"வீட்டம்மா இருக்காங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார். "எங்க கிளார்க்கோட மாமியார் உங்க எதிர் வீடு. அம்மா ஃபில்டரைப் பளிச்சுனு கழுவறாங்களாமே?"

பைக்குள் இருந்தது அலுவலகத்து ஃபில்டர். தூசி போர்வைபோல மூடியிருந்தது.

"ஆபீஸ் ஏசி நின்னு நாலு நாளாச்சு சார். மேசையில முப்பத்தாறு காட்டுது. ஏழாவது கட்டத்துல முப்பத்தாறு போட்டா எல்லாப் புகாரையும் ஏத்துக்கணும். நானூறு புகார் சேர்ந்துபோச்சு. வேலை பார்க்க வேண்டிய நிலைமைக்கு வந்துட்டோம் சார்!"

"நீங்க தலைமை அலுவலகத்துல புகார் கொடுக்கலாமே?"

"கொடுத்தோம். அங்க பதினாறு."

"எந்த மடையன் சார் இந்த ஏழாவது கட்டத்தை எழுதினான்?" என்று வெடித்தார்.

என் மனைவி மேசைமேல் கிடந்த நகலை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நிதானமாக வாசித்தாள். "வடிவமைப்பு: கண்காணிப்பாளர், படிவப் பிரிவு." பக்கத்தில் வருஷமும் இருந்தது. "என்னங்க, அந்த வருஷம் கண்காணிப்பாளர் நீங்கதானே?"

நாலாயிரம் படிவம் போட்டவனுக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்குமா? நான் கூரையைப் பார்த்தேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மேலதிகாரியோ என் இரண்டு கையையும் பற்றிக்கொண்டார்.

"நீங்களா சார்! மன்னிக்கணும், நான் சொன்ன மடையன் வேற ஆள். பதினோரு வருஷமா ஒரு புகார் உள்ளே நுழையலைன்னா அது உங்க புண்ணியம். இன்னொரு உதவி செய்யணும். பொம்பளைங்க ஆளாளுக்கு ஃபில்டர் கழுவ ஆரம்பிச்சா, அப்புறம் எங்க ஆபீஸ் எதுக்குன்னு கேட்பாங்க. எட்டாவது கட்டம் ஒண்ணு போட்டுக் குடுத்தீங்கன்னா..."

ஓய்வு பெற்று ஆறு வருஷத்தில் ஒரு மனிதர்கூட என்னிடம் கட்டம் கேட்டதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொல்லையில் என் மனைவி அலுவலகத்து ஃபில்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்து எழுதினேன்: 'ஃபில்டர் தூய்மையாகக் காணப்படின், அதற்குக் காரணமானவர் பெயரும் அனுமதி எண்ணும். அனுமதி இல்லையேல் சாதனத்தை உடனே முடக்குதல் வேண்டும்.'

"என்னங்க எழுதறீங்க?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"நாட்டுக்கு ஒரு சின்ன சேவை," என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். இருவரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். மிகுந்த மரியாதையோடு ஏசி மூடியைத் திறந்தார்கள். ஃபில்டர் கண்ணாடி மாதிரி இருந்தது.

"தூய்மையாக் காணப்படுது," என்றார் ஒருவர். எட்டாவது கட்டத்தில் என் மனைவியின் பெயர் ஏறியது. அனுமதி எண் இல்லை. ஒயரைக் கழற்றி, பிளக்கின் மேலேயே ஒரு சீல் வைத்தார்கள். புத்தம் புதுப் படிவம். என் வாசகத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

மத்தியானத்துக்குள் பேத்தியின் கழுத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. அந்தப் படிவத்தையே விசிறியாக வைத்து வீசினேன், பவுடர் போட்டேன், ஈரத்துணியால் துடைத்தேன். நாலு மணிக்கு மாப்பிள்ளையின் கார் வாசலில் நின்றது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏறினாள். பேத்தி என் பேனாவை விடமாட்டேன் என்றாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். என் மனைவி விசிறியாக இருந்த படிவத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக நின்றேன். குளிர் எலும்பைக் குத்தியது. கிளார்க் என்னைக் கண்டதும் எழுந்து வணக்கம் சொன்னார், உட்காரவைத்தார், படிவம் தந்தார். நான் ஆறு கட்டங்களையும் நிரப்பினேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் தெர்மாமீட்டரை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார்.

"பதினேழு," என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. "முன்னைவிட ஒரு டிகிரி நல்லாவே இருக்கு சார். வீட்டம்மாவுக்கு நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு மறக்காம சொல்லிடுங்க."