ஐந்தாம் பக்கத்தைத் தாண்டாத பியானோ

1970 பிப்ரவரி என்று அச்சிட்ட பள்ளி ஆண்டு விழா நிகழ்ச்சி நிரல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் நாடகத்துக்கும் பரிசளிப்புக்கும் நடுவே ஒரு வரி: 'பியானோ இசை (மிகக் கடினமானது) – செல்வி வசந்தா.' செல்வி வசந்தா நான்தான். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த இரண்டு சொற்களை அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான். (யாரும் கேட்கவில்லை.)

கடினமான பியானோ உருப்படிகளைப் பற்றிப் பின்னாளில் நிறையப் படித்திருக்கிறேன். பெரிய பெரிய வித்வான்களே மேடையில் வாசிக்கத் தயங்கியவை உண்டாம். அதையெல்லாம் முன்பே படித்திருந்தால் எனக்கும் கொஞ்சம் தயக்கம் வந்திருக்கும். அப்போது எனக்கு இருபத்தோரு வயது. சென்னையில் கல்லூரி விடுதிக் கூடத்தில் இருந்த பியானோவில் மூன்று வருடம் பழகிவிட்டுக் காஞ்சிபுரம் திரும்பியிருந்தேன். ஊரில் இன்னொருவர் வாசித்தால்தானே என் வாசிப்பின் தரம் தெரியும்? அப்படி யாரும் இல்லாததால் நானே முதலிடத்தில் இருந்தேன்.

அந்தப் பெண்கள் பள்ளியில் யாரோ தானமாகக் கொடுத்த ஒரு பியானோ இருந்தது. காலையில் பிரார்த்தனைப் பாட்டுக்கு நான் சம்பளமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் தாளாளர் ராஜவீதியில் பட்டுக்கடை வைத்திருந்தவர். அவர் கண்ணுக்கு அது ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான். அதை விற்றுவிட்டு அந்த அறையில் தையல் மிஷின்கள் போடலாம் என்று முடிவு செய்துவிட்டார். தலைமையாசிரியை மன்றாடி ஒரு தவணை வாங்கி வந்தார். ஆண்டு விழாவில் வசந்தா வாசிக்கட்டும். தாளாளருக்குப் பிடித்தால் பியானோவும் இருக்கும், இசை ஆசிரியை வேலையும் உண்டாகும். பிடிக்காவிட்டால் இரண்டும் இல்லை.

"சின்னதா, இனிமையா ஒண்ணு வாசிம்மா" என்றார் தலைமையாசிரியை.

நான் பன்னிரண்டு பக்க உருப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எழுதியவர் பெயரையோ உருப்படியின் பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. அவருக்கு நான் செய்தது போதும். வலது கை பொடிப்பொடியாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இடது கை, கருட சேவைக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவர் போல அங்குமிங்கும் தாவ வேண்டும். ஐந்தாம் பக்கத்தின் அடியில் ஒரு தாவல் வரும். அதை நான் பத்துக்கு மூன்று தடவை சரியாகப் பிடிப்பேன். மேடையில் அந்த மூன்றில் ஒன்றுதான் வரும் என்று உறுதியாக நம்பினேன்.

மனப்பாடம் இல்லை. ஆகவே தாள் திருப்ப ஓர் ஆள் வேண்டும். பெரியப்பா மகன் ஏகாம்பரம் அண்ணன் ஒப்புக்கொண்டார். எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தறிதான். அண்ணன், துளையிட்ட அட்டைகளால் வடிவம் போடும் ஜக்கார்டு தறியில், பெரிய பேட்டு, அதாவது அகலக் கரை வைத்த புடவைகள் நெய்பவர். இசைத்தாளில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நான் தலையை அசைத்தால் அடுத்த தாள் என்று ஏற்பாடு. ஒத்திகையில் ஐந்தாம் பக்கத் தாவல் தவறும்போதெல்லாம் நான் 'உச்' கொட்டிவிட்டு, மூன்றாம் பக்கத்துக்குப் போய் மறுபடி தொடங்குவேன். இரண்டு மூன்று நாளிலேயே அண்ணன் இதைப் பிடித்துக்கொண்டார்.

"நீ உச்சு கொட்னா பின்னால திருப்பணும். அவ்ளோதானேமா? தறியில தப்பு வுழுந்தா அட்டையப் பின்னால தள்ளி, போட்ட ஊட நூல உருவிட்டுத்தானே மறுபடி ஓட்றோம். அதேதான் இதுவும்."

"அதேதான் அண்ணே" என்றேன், அவர் அறிவை மெச்சி. மேடையில் மட்டும் அப்படி இல்லை, தப்பு விழுந்தாலும் நிற்காமல் மேலே போக வேண்டும் என்ற ஒரு வரியை நான் சொல்லவில்லை. தப்பு விழும் என்று நினைத்தால்தானே சொல்வதற்கு!

விழா மாலையில் பள்ளி முற்றம் நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் எங்கள் தெருக்காரர்கள். முதல் வரிசையில் தாளாளர். அவருக்குப் பக்கத்தில் கோயில் தவில் வித்வான்; அவர் மகள் அங்கே எட்டாம் வகுப்பு. அண்ணன் சலவை வேட்டியில் வந்து, மேடையில் என் இடப்பக்கம் விறைப்பாக நின்றார். (எங்கள் அம்மா கும்பிட்டதைப் பார்த்தேன். என்னையா, அண்ணனையா, தெரியாது.)

முதல் நான்கு பக்கங்கள் கௌரவமாகவே போயின. ஐந்தாம் பக்கத்தின் அடிக்கு வந்தேன். இடது கை தாவியது. தாவிய இடத்தில் வேறு கட்டை இருந்தது. என் நாக்கு என்னைக் கேட்காமல் 'உச்' என்றது.

அண்ணன் பின்னால் திருப்பினார்.

என் எதிரே மூன்றாம் பக்கம். கை ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியாது, அடுத்த பக்கம் மனப்பாடம் இல்லை. மூன்றாம் பக்கத்தையே வாசித்தேன். வாசித்துக்கொண்டே அண்ணனை முறைத்தேன். தான் தாமதமாகத் திருப்பியதற்குத்தான் முறைக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த முறை ஐந்தாம் பக்கத்தின் அடியில் நான் தவறவிட்டபோது, 'உச்' முடிவதற்குள் தாள் பின்னால் போயிருந்தது.

மூன்றாவது சுற்றில் எனக்கு வியர்வையில் கட்டைகள் வழுக்கின. தலைமையாசிரியை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பியானோ விற்ற பிறகு அந்த அறையில் எத்தனை தையல் மிஷின் கொள்ளும் என்று என் மனம் தன் பாட்டுக்குக் கணக்குப் போடத் தொடங்கியது.

அப்போதுதான் கீழே ஒரு சத்தம் கேட்டது. தவில் வித்வான் தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தார். முதல் முறை ஒன்றும் பிடிபடாமல் புருவத்தை நெரித்துக்கொண்டிருந்தவர், அதே அடி திரும்பத் திரும்ப வரவும் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். நம் கச்சேரியில் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றிப் பாடி மெருகேற்றுவார்களே, அதைத்தான் நான் செய்கிறேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. என் தவறுகளும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மாதிரி விழுந்ததால், அவை சங்கதிகளாகிவிட்டன. அடுத்த சுற்றில் அவர் "ஆஹா" என்றார். வித்வானே சொன்ன பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? முற்றமே தலையை ஆட்டியது. மெல்லிய குரலில் கூடவே முனகியவர்களும் உண்டு. தாளாளர் வித்வானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தானும் நாற்காலிக் கையில் தட்டத் தொடங்கினார்.

எத்தனை சுற்று என்பதில் சாட்சிகள் ஒத்துப்போவதில்லை. அப்பா ஐந்து என்பார். அம்மா ஏழுக்குக் குறைய மாட்டார். கடைசிச் சுற்றில், தாவல் வருவதற்கு இரண்டு வரி முன்பே, நான் தலையை அசைக்காமலே, அண்ணன் கை நீண்டது. சரசரவென்று தாள்கள் நகர்ந்தன. பார்த்தால் பன்னிரண்டாம் பக்கம். கடைசிப் பக்கத்தில் பெரிய பெரிய ஒலிகளாகப் பத்துப் பன்னிரண்டு தட்டு, அவ்வளவுதான், குழந்தைகூட வாசிக்கும். கரையைக் கண்டவள் போல அவற்றைத் தட்டி முடித்து எழுந்தேன்.

கைதட்டல் அடங்கியதும் தாளாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "வெள்ளக்காரன் பாட்டு எனக்குப் புரியாது. ஓடிக்கினே இருக்கும், இன்னான்னு பாக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். இந்தப் பொண்ணு அப்படி இல்ல. நல்ல எடம் ஒண்ணப் புடிச்சி, நமக்கெல்லாம் புரியற வரைக்கும் விடல. அந்தப் பொட்டி அங்கியே இருக்கட்டும்."

கீழே இறங்கியதும் தலைமையாசிரியை என் காதருகே வந்தார். அவருக்கு இசைத்தாள் படிக்கத் தெரியும். "ஆறு பக்கம் எங்கம்மா?" என்றார். நான் மேடைக்குப் பின்னால் போன அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். "சரி, ஜூன்ல சேர்ந்துடு. பசங்களுக்கு முதல் பாடமா, தப்பு வந்தாலும் நிக்காம போகச் சொல்லிக்குடு." இருபத்தெட்டு வருடம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அண்ணனை மேடைக்குப் பின்னால் பிடித்து, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நீதானேமா உச்சு கொட்னே. தப்ப அப்படியே வுட்டுட்டு மேல ஓட்டச் சொல்றியா? பொடவைல அப்படி வுட்டா எவன் வாங்குவான்?"

"கடைசில நாலு தாளை ஒண்ணாத் திருப்பினியே, அது?"

"காலைல பாவுக்குக் கஞ்சி போட்டேன். வெரல்ல ஒட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு, தேநீர் கொடுக்கிற பக்கம் போய்விட்டார்.

1977இல் அதே முற்றத்தில் அதே உருப்படியைப் பன்னிரண்டு பக்கமும், மனப்பாடமாக, தாவல் உட்பட வாசித்தேன். வாழ்க்கையில் நான் சரியாகச் செய்தவை என்று ஒரு கணக்கு எடுத்தால் அது முதலில் வரும். வீட்டுக்கு வரும் வழியில், தெருமுனையில் அப்பா கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துது. அந்த எடத்த மட்டும் ஏம்மா ஒரே தபாவோட வுட்டுட்டே?"

இன்றும் எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு கூடிப்போய் யாராவது 'உச்' கொட்டினால், இன்னொருவர் "அண்ணே, திருப்பு" என்பார். அமெரிக்காவில் பிறந்த பேரனும் சொல்கிறான், யார் அந்த அண்ணன் என்று தெரியாமலே.

ஒரே ஒரு விஷயம் மட்டும் பாக்கி. பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வெயில் வேண்டும். அன்று காலை மழைத் தூறல் இருந்தது, எங்கள் தெருவில் யாரும் பாவு நீட்டவில்லை என்று அம்மா சொல்வார். பக்கத்துத் தெருவில் நீட்டினார்கள் என்பார் அப்பா. அந்த இசைத்தாளை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கறை இருக்கிறது, கஞ்சியாகவும் இருக்கலாம், காபியாகவும் இருக்கலாம். அண்ணனைப் போன வருடம்கூடக் கேட்டேன். "வயசாயிடுச்சுமா, ஞாபகம் இல்ல" என்று சிரித்தார். ஆகவே, அந்த நான்கு தாள்களும் தாமாக ஒட்டிக்கொண்டனவா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.