கையுறைக்கு வந்த காமாலை

ஊரே மஞ்சள் ஐயாவின் வாசலில் நின்றது. வரிசையில் பாதிப் பேர் பிள்ளைத்தாய்ச்சிகள். ஐயா உள்ளங்கையில் ஒரு பொடியைத் தேய்ப்பார், கிண்ணத்துத் தண்ணீரில் கழுவுவார், தண்ணீர் மஞ்சளாகும். ஈரலில் இருந்த காமாலைக் கிருமி மொத்தமும் இறங்கிவிட்டதாம். ஈரலிலிருந்து உள்ளங்கைக்கு எந்த வழியாக வந்தது என்று கேட்கத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஒரு மாமியாரோடு, சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் அவள் மருமகளும் நின்றாள், நான்கு மாத வயிற்றோடு. ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதா என்று பார்க்க, மருத்துவமனை நர்ஸ் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு கொடுத்திருந்தாள். அந்தச் சீட்டு மாமியாரின் இடுப்பில் பத்திரமாக இருந்தது.

"கண்ணு பளிச்சுனு இருக்கு. உனக்கு எதுக்கு ரத்தமெல்லாம் எடுக்கணும்?" என்றாள் மாமியார்.

"வெளியில தெரியாமலே இருக்குமாம் அத்தை. பிரசவத்துல புள்ளைக்கு ஒட்டிக்குமாம். எனக்குப் பயமா இருக்கு."

"அதுக்குத்தான் ஐயா இருக்காரே."

மருமகள் கிண்ணத்தை மோந்து பார்த்தாள். சுண்ணாம்பு வாடை. பொடியும் சுண்ணாம்புத் தண்ணீரும் சேர்ந்தால் நிறம் கிளம்பும் என்பது அவளுக்கு அன்றாடப் பிழைப்பு. அவள் முறை வந்ததும், பையிலிருந்த புது ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள்.

"அதைக் கழட்டும்மா."

"சாயம் பட்டுக் கையெல்லாம் புண்ணுங்க. உங்க சக்தி ரப்பரைத் தாண்டாதுங்களா?"

"ஐயாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பின்னாலிருந்து பரிந்து பேசினார்கள். பக்தர்களே ஐயாவை மாட்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தேய்த்தார், கழுவினார். தண்ணீர் மஞ்சள் மஞ்சளாக ஓடியது.

மருமகள் கையுறையை உருவினாள். உள்ளே கை காய்ந்து கிடந்தது.

"என் மேல ஒரு சொட்டு படலை. அப்ப காமாலை யாருக்கு, கையுறைக்கா?"

"ரப்பருக்கும் தோஷம் உண்டும்மா" என்றார் ஐயா.

கூட்டம் சிரித்துக் கலைந்தது. மாமியார் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த சீட்டை எடுத்து நீட்டினாள்.

பரிசோதனையில் கிருமி இருந்தது. பளிச்சென்ற கண்ணோடு, ஒரு வலியும் இல்லாமல் இருந்தது. முன்பே தெரிந்ததால், குழந்தை பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு ஊசிகள் போட்டார்கள். பிறகு மிச்சத் தடுப்பூசிகளும். ஒரு வயதை நெருங்கும்போது எடுத்த பரிசோதனையில் குழந்தைக்குக் கிருமி இல்லை என்று வந்தது. அன்று மாமியார் அழுத அழுகை சொல்லி மாளாது.

மஞ்சள் ஐயா இப்போது வேறு ஊரில் முதுகுவலியைக் கழுவுகிறாராம். அங்கேயும் நீள வரிசையாம். போகிறவர்கள் ஒரு கையுறை எடுத்துக்கொண்டு போங்கள். கையுறை கிடைக்காவிட்டால், வீட்டில் வைத்துவிட்டு வந்த மூளையையாவது எடுத்துக்கொண்டு போங்கள்.