முதலாளி வீட்டாரைச் சுகம் விசாரித்த கதை

நான் கூச்சக்காரன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் சத்தம் போட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடக்கிறவன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள் வாய் நிறையப் பேசினேன். அதுவும் அறபியில்.

என் மனைவி கட்டாரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் ஐந்து வருடமான நேரம், மகள் சுதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "அம்மா வராட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம்" என்று சுதா ஒரே பிடிவாதம். முதலாளியோ லீவுக்குப் பிடிகொடுக்கவில்லை.

"நீங்கள் ஒருக்கால் கதைச்சுப் பாருங்கோவன்" என்றாள் மனைவி.

துறைமுகத்தில் என்னோடு மூட்டை இறக்கும் கிண்ணியா ரஹீம் நானா, சவூதியில் லொறி ஓட்டியவர். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அவரிடம் உறவுச் சொற்களைப் படித்தேன். தகப்பனின் சகோதரன் 'அம்', தாயின் சகோதரன் 'ஃகால்'. எங்களைப் போலவே சித்தப்பா வேறு, மாமா வேறு! இவ்வளவு கிட்டின சனத்தோடு கதைக்க என்ன பயம் என்று நினைத்தேன்.

லீவுக் கேள்வியை நானா ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தந்தார். ஆனால் எடுத்தவுடன் காரியத்தைக் கேட்பது எங்கள் ஊரில் மரியாதையில்லையே. முதலாளிக்குப் போன் எடுத்து, சலாம் சொல்லிவிட்டு விசாரிக்கத் தொடங்கினேன். தாய் சுகமா? சுகம் என்றார். மனைவி சுகமா? சத்தமில்லை. (லைன் கிளியரில்லையாக்கும் என்று குரலை உயர்த்தினேன்.) மனைவி சுகமா? மகள்மார் சுகமா? சகோதரிமார்? மச்சாளுக்குரிய சொல்லை யோசிப்பதற்குள் தொடர்பு அறுந்தது. துண்டு என் கையில் அப்படியே இருந்தது.

நானா தலையில் கைவைத்தார். "அட அல்லாஹ்வே! 'அஹ்ல்' சுகமா எண்டு குடும்பத்தைப் பொதுவாக் கேட்டு விடோணும் தம்பி. அந்நிய ஆம்பிளை அவங்கட பொம்பிளையளை ஒவ்வொண்டா விசாரிக்கிறதா?"

இரண்டு நாள் மனைவியிடமிருந்து அழைப்பு வரவில்லை. நான் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் எடுத்தவள் சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னாள்: "முதலாளியின்ரை தாய் விழுந்து விழுந்து சிரிச்சவ. 'அஞ்சு வருசமா வீட்டிலை பொம்பிளை இல்லாதவன், எங்கடை பொம்பிளையளை எண்ணிப் பாக்கிறான். அவன்ரை ஆளைப் பத்து நாளுக்கு அனுப்பு' எண்டு மகனுக்குச் சொல்லிப்போட்டா."

வந்தாள். தாலி ஏறியது. பத்து நாளும் பறந்தன. திரும்பவும் போய்விட்டாள்.

அந்தக் கிழவி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். தாயை மரியாதையாகப் பிள்ளையின் பெயரால் அழைப்பது அவர்கள் வழக்கம்: 'உம்மு சுதா', சுதாவின் தாய். கேட்கும்போதெல்லாம் பிள்ளை முகம் வருகிறது என்றாள். நானும் இத்தனை வருடத்தில் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'இஞ்சாரும்' மட்டும்தான்.

இப்போதும் நான் போனை எடுத்தால் போதும். "அப்பா, ஆற்றையும் பொம்பிளையளை விசாரிக்காதேங்கோ!" என்று சுதா கத்துவாள். மருமகன் சிரிப்பார்.

நான் ஒருத்தியைத்தான் விசாரிக்கிறேன்.

"உம்மு சுதா சுகமா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமிருக்காது. (லைன் கிளியர்தான்.)