செங்கல் நிறக் கோட்டும் நீளமான நெட்டும்

வானமே இடிந்து விழுந்தாலும் என் மகள் கல்யாணத்துக்கு என்னுடைய செங்கல் நிறக் கோட்டைத்தான் போடுவேன் என்று சாப்பாட்டு மேசையில் சபதம் செய்தேன். என் சொந்தக் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. இன்றைக்கும் பித்தான் போடலாம். மூச்சு மட்டும் விடக்கூடாது.

மனைவி "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இந்த வீட்டில் என் இஷ்டம் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஹாலுக்கு வந்தால் வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது.

"ஜன்னல் திரை எங்கே?"

"கல்யாண வீடாச்சே, தோய்க்க எடுத்தேன். அதை விடுங்க, இப்படி வந்து நில்லுங்க. பொண்ணுக்குத் தலையில போடுற நெட்டு பார்க்கணும்."

மகள் நடுவில் நின்றாள். கொண்டைக்குக் கீழே செருகிய சீப்பிலிருந்து வலைத்துணி முக்காடாக நெட்டு இறங்கியது. இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. தரையைத் தொட்டு, சோபாவையும் தாண்டிக் கிடந்தது.

"இவ்வளவு நீளமா? இதுக்குப் பக்கத்துல யாரு நடக்கிறது?"

"நீங்கதான். பொண்ணைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறது அப்பாவோட வேலை."

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். நாலு சக்கரத்தில் உட்கார்ந்தால் எந்தச் சந்திலும் புகுந்து வருவேன். சொந்தக் காலில் நடப்பதில்தான் தகராறு. எங்கள் கல்யாணத்தில் இவள் நெட்டை மிதித்தேன். 'ஆ' என்று அலறினாள். பாதிரியார் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

"ஷூவைப் போட்டுக்கிட்டு நடந்து பாருங்க."

நடந்தேன். மூன்றாவது அடியில் 'சரக்'. மகளின் தலை பின்னால் சாய்ந்தது.

"அப்பா! என் கழுத்து!"

"பிரேக் போடுங்க!" என்றாள் மனைவி.

"கால்ல ஏதுடி பிரேக்?"

மறுபடி நடந்தேன். மறுபடி மிதித்தேன். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன். ஒரே பெண். வந்தவர்களெல்லாம் எழுந்து நின்று பார்க்கும்போது அவளை நான் மல்லாக்கத் தள்ளினால்? மாமியார் வீட்டில் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களே!

மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து மாடிக்கு ஓடினேன். கவுன் தைக்கிற தையல்காரம்மா அங்கேதான் குடியிருக்கிறார்.

"அம்மா, நீங்கதான் காப்பாத்தணும். நீள நெட்டு எம்பொண்ணுக்கு எடுப்பா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்தார்.

"உண்மையே அதுதான் சார். பொண்ணு கொஞ்சம் குள்ளம். கவுன்ல இடுப்புக்குக் கீழ பூரா மணி வேலை. நீள நெட்டு போட்டா வேலையும் மறைஞ்சிடும், பொண்ணும் மறைஞ்சிடுவா. முழங்கை வரைக்கும் வந்தா போதும்."

"உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்!"

"ஆனா ஒண்ணு சார். நெட்டு சந்தன நிறம். பக்கத்துல செங்கல் கலர் கோட்டு நின்னா, நெட்டு தோய்க்காத துணி மாதிரி தெரியும். நீள நெட்டுன்னா பரவாயில்லை, எல்லார் கண்ணும் அது மேலதான் இருக்கும். குட்டைன்னா கண்ணு நேரா உங்க கோட்டுக்குத்தான் வரும்."

என் கோட்டின் நிறம் இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. பயம் வந்தால் என் மூளை நியூட்ரலுக்குப் போய்விடும்.

கீழே வந்து மனைவி முன்னால் கோட்டை விட்டேன். எந்த அர்த்தத்தில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"நீள நெட்டு வேண்டாம். குட்டையாப் போடு. கோட்டை நீயே வச்சுக்கோ."

"அப்புறம் மனசு மாறக் கூடாது."

"சத்தியமா மாறாது."

சாயங்காலமே பக்கத்து வீட்டு நாய் என் கோட்டின்மேல் படுத்திருந்தது. என்னைவிட அதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

அதற்கு முன்பே, நான் வாக்குக் கொடுத்த கால் மணி நேரத்தில், தையல்காரம்மா குட்டை நெட்டோடு இறங்கி வந்துவிட்டார். ஓரம் முழுக்கப் பொடி மணி, கவுனில் உள்ள அதே மணி. என்ன கைவேகம் என்று அசந்துபோனேன். மகள் கவுனையும் நெட்டையும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. என் கண் கலங்கிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினேன். மிதிக்க ஒன்றுமே இல்லை. மனைவியைத் தந்திரத்தால் வென்ற திருப்தியில் அன்றைக்குக் குறட்டை விட்டுத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஹாலுக்கு வந்தேன். வெயில் முகத்தில் அடிக்கவில்லை. ஜன்னலில் திரை தொங்கியது. சொந்த வீட்டுத் திரையை எந்த ஆண்பிள்ளை உற்றுப் பார்த்திருக்கிறான்? அன்றைக்குத்தான் பார்த்தேன். சந்தன நிறம். நெட்டுத் துணி. நல்ல நீளம்.

மனைவி அதன் ஓரத்தைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"ரெண்டு வாட்டி தோய்ச்சிட்டேங்க. உங்க ஷூ தடம் மட்டும் போகவே மாட்டேங்குது."