கொடுக்கக் கூடாதவை

"மழை வந்தா மாடியில கெடக்க வத்தல எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு ஜெபசுதா பள்ளிக்கூடம் போனாள். மழை வரவில்லை. பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன்தான் வந்தது; அவள் திரும்பி வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பள்ளி நூலகத்தில் அவள் நாற்காலியில் தேவபிரசாதம் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்களை டிக் அடித்து ஓய்வு பெற்றவர். "புது ஆள் வாற வரைக்கும் பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்று தலைமையாசிரியை ஈவாஞ்சலின் கேட்டபோது, மனைவியின் நூலகமாயிற்றே என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஒரு பிள்ளையும் வாசிக்கவில்லை.

"ஜெபசுதா டீச்சர் இருக்கையில கணக்கு சார் தெனமும் வந்து கத்துவாரு, பெஞ்சுக்கடியில கதைப்புஸ்தகம் வச்சிருக்குதுகன்னு. இப்ப ஒரு புகாரும் இல்ல" என்றார் ஈவாஞ்சலின். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு புகாராவது வரணும். இல்லேன்னா தாளாளர் இந்த ரூம ஸ்மார்ட் கிளாஸுக்கு எடுத்துருவாரு. புஸ்தகமெல்லாம் குடோனுக்குத்தான்."

ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஜெபசுதாவின் கையெழுத்து இருந்தது.

முதலில் பிள்ளைகளையே கேட்டுப் பார்த்தார்.

"ஏலே ஷாம், ஒனக்கு எப்பிடிக் கதை வேணும்?"

ஷாம் வெகுநேரம் யோசித்தான். "சின்னதா, சார்."

இருப்பதில் மெல்லியதைத் தேடிக் கொடுத்தார். மறுநாள் அவன் திருப்பிக் கொடுத்தபோதுதான் அட்டையைப் பார்த்தார். முயல் வளர்ப்புக் கையேடு.

செவ்வாய்க்கிழமை கடலை மிட்டாய் வாங்கி வந்தார். புத்தகம் எடுத்தால் மிட்டாய். இடைவேளை மணி அடித்ததும் ஐம்பது புத்தகங்கள் போயின. அடுத்த மணிக்குள் ஐம்பதும் பிசுபிசுவென்று திரும்பி வந்தன, அடுத்த மிட்டாய்க்காக.

புதன்கிழமை மேசை டிராயரில் ஒரு நோட்டு அகப்பட்டது. மேலே ஜெபசுதாவின் எழுத்தில் 'கொடுக்கக் கூடாதவை'. கீழே பிள்ளைகளின் பெயர்கள், எதிரே புத்தகங்கள். ஷாமுக்குப் பேய்க் கதை கூடாது. ஆஃபியாவுக்குக் கடல் கொள்ளைக்காரர் கதை கூடாது.

தேவபிரசாதத்துக்கு உயிர் வந்தது. துறைமுகத்தில் 'ஹோல்ட்' என்று எழுதிய கன்டெய்னர், மந்திரியே வந்தாலும் கேட்டைத் தாண்டாது. நோட்டில் இருந்த நாற்பத்து மூன்று புத்தகங்களையும் பொறுக்கி, பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்தும் போட்டார்.

வியாழக்கிழமை யாருமே வரவில்லை. ஜன்னல் வழியாக ஷாமின் குரல் கேட்டது. "உள்ள போகாதலே. புஸ்தகத்தையே ஜெயில்ல போட்டுட்டாரு. நம்மள விடுவாரா?"

வெள்ளிக்கிழமை காலை, பீரோவைத் திறந்து இன்னொரு முறை எண்ணினார். நாற்பத்து மூன்று. அதற்குள் ஜெபசுதாவின் சர்வீஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போட ஆபீஸில் கூப்பிட்டார்கள். பூட்ட மறந்து போனார். பத்து நிமிஷத்தில் திரும்பியபோது முப்பத்து நான்கு.

மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். மின்விசிறிக்கு மேலேகூடப் பார்த்தார். சட்டை நனைந்துவிட்டது. முப்பது வருஷத்தில் ஒரு பெட்டி குறைந்ததில்லை. அவள் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரே ஒரு பேச்சு, அதையும் காப்பாற்ற முடியவில்லை.

மத்தியானம் கணக்கு ஆசிரியர் நேசக்குமார், ஒன்பது புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி இது! ஏழாம் வகுப்புல ஒருத்தன் போர்டப் பாக்கல! எல்லாத் தலையும் பெஞ்சுக்கடியில!"

பின்னாலேயே ஓடி வந்த ஈவாஞ்சலின் முகம் மலர்ந்தது. "புகாரா சார்? எழுத்துல குடுங்க, எழுத்துல!"

அறை தப்பியது. தேவபிரசாதத்துக்கோ மனசு ஆறவில்லை. ஆஃபியாவைக் கூப்பிட்டார்.

"ஏளா, டீச்சர் கூடாதுன்னு எழுதி வச்சத எடுக்கலாமா?"

ஆஃபியா அவரை வியப்பாகப் பார்த்தாள். "எப்பவும் அப்பிடித்தான சார் எடுப்போம். 'இது ஒனக்கு ஆகாது, தொடாத'ன்னு மேசையில வச்சிட்டு, டீச்சர் டீ குடிக்கப் போயிருவாவ. வாறதுக்குள்ள எடுத்துப் பைக்குள்ள போட்டுருவோம். பாவம், டீச்சருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

தேவபிரசாதம் நோட்டை எடுத்து மறுபடி விரித்தார். ஜெபசுதா டீ குடிக்க மாட்டாள்.