கூட்டம் போட்டால் பூக்கும் மாமரம்

எங்கள் சான் வெனான்சியோ நகராட்சி புகையை ஒழித்தது. தீவிலேயே முதலில் ஒழித்தவர்கள் நாங்கள்தான் என்று படகுத்துறையில் ஒரு பலகையும் வைத்தது.

அதுவரை மழை ஓய்ந்ததும் ஒவ்வொரு மாமரத்தின் அடியிலும் ஈரச் சருகைக் குவித்துப் புகை மூட்டுவோம். இலை முற்றிய மரம் சில நாள் புகை குடித்தால் பூத்துவிடும். பள்ளிக்கூடம் போனவர், போகாதவர் எல்லாருக்கும் இது தெரியும். மேயர் எவரிஸ்டோவுக்கும் சிறுவயதில் தெரிந்திருந்தது. பிறகு அவர் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் வந்தார்.

புகை நின்றது. பூவும் நின்றது. மேயர் மரங்களைக் கண்டித்தார். ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் பூக்காத மரங்கள் "நகர வளர்ச்சியில் பங்கேற்க விருப்பமற்றவை" எனக் கருதி அகற்றப்படும். அங்கே பிளாஸ்டிக் மாமரம் நிறுவப்படும். பக்கத்து ஊரில் அப்படி ஒன்று இருந்தது. ஆண்டு முழுவதும் பூத்திருக்கும், இருட்டினால் மினுக்கும். அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கும்.

முதலில் வெட்ட வேண்டியது என் பக்கத்து வீட்டு டென்சியா அக்காவின் மரம் என்று முடிவாயிற்று. சாலையோரம் என்பதால் படத்துக்கு நன்றாக இருக்கும். அக்காவுக்கு இருப்பது அந்த ஒரு மரம். அதன் பழத்தை வற்றல் போட்டு விற்றுத்தான் வீடு நடக்கிறது.

இந்நிலையில் நகராட்சி வளாகத்து மாமரம் மட்டும் கிளை தெரியாமல் பூத்தது.

காரணம் கண்டறியத் தோட்டக்கலை அலுவலர் தியோடுலோ நியமிக்கப்பட்டார். அது உயர்ந்த பரம்பரை மரம், அதன் கிளையை ஒட்டுக்கட்டினால் ஊரே பூக்கும் என்றார் அவர்.

"சார், உங்க மரமே என் மரத்துக் கிளைதான்" என்றார் டென்சியா அக்கா. "எங்கப்பா ஒட்டுக்கட்டிக் குடுத்தது. ரெண்டும் ஒரே ரத்தம்."

அலுவலர் யோசித்தார். "அப்ப வளர்ப்புதான் வேற. உங்க மரத்துக்குக் கிடைக்காதது எங்க மரத்துக்கு என்னக்கா கிடைக்குது?"

மிகச் சரியான கேள்வி. பதிலையும் அவர் முறைப்படி தேடினார். மண் ஒன்று, மழை ஒன்று, வெயில் ஒன்று. ஒன்றே ஒன்றுதான் வேறு: நகராட்சி மரத்தடியில் அடிக்கடி புகை ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கும். கூட்டம் என்றால் லெச்சோன் உண்டு. முழுப் பன்றியை மூங்கிலில் கோத்து, காலையிலிருந்தே கரி நெருப்பில் சுழற்றுவார்கள். கொழுப்பு சொட்டச் சொட்ட மேலே கிளையே கண்ணுக்குத் தெரியாது. மேயரின் பேச்சை நாங்கள் இருமிக்கொண்டே கேட்போம். லெச்சோனிலிருந்து எழுவது புகை அல்ல, விருந்தோம்பல் என்று சட்டத்திலேயே விலக்கு இருந்தது.

ஆகவே தியோடுலோ முடிவை அறிவித்தார்: மரம் பூக்கக் காரணம் கூட்டம். நல்ல சொற்பொழிவுகளைத் தொடர்ந்து கேட்ட மரம் பொறுப்புணர்ச்சி பெற்றுப் பூக்கிறது. மேயரின் கண் கலங்கியது. தன் பேச்சால் ஏதோ ஒன்று நடந்தது அவருக்கும் அதுதான் முதல் தடவை.

ஊரே அங்கே இருந்தது. எல்லாருக்கும் உண்மை தெரியும். பன்றிக் கடை நெஸ்டோர் வாயைத் திறந்தான். டென்சியா அக்கா அவன் காலை மிதித்தார்.

"என் மரம் ஒரு பேச்சைக்கூடக் கேட்டதில்ல சார். அதுக்கு என்ன தெரியும், பாவம். வெட்டறதுக்கு முன்னாடி ஒரு கூட்டம் போட்டுப் பாருங்களேன்."

"ஒண்ணு போதுமாக்கா?" என்றார் மேயர்.

"கொஞ்சம் மந்தமான மரம் சார். தினமும் போட்டா நல்லது."

"லெச்சோனோடயா?"

"லெச்சோன் இல்லாம யார் சார் கூட்டத்துக்கு வருவாங்க?"

மேயரால் இதை மறுக்க முடியவில்லை.

அக்காவின் மரத்தடியில் கூட்டம் தொடங்கியது. மேயர் புகையின் தீமைகளை விளக்கினார். பன்றி சுழன்றது. கறிக்கு வாசனை வரும் என்று சொல்லி அக்கா நெருப்பில் ஈரச் சருகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். திருநாளுக்கு முன்பே மரம் பூத்தது.

அப்புறம் மரத்துக்கு மரம் கூட்டம். மேயர் ஒருவரால் முடியாமல் துணைப் பேச்சாளர்களை நியமித்தார்கள். எனக்கும் ஒரு பதவி கிடைத்தது. படகுத்துறைப் பலகை புகையில் தெரியாமல் போயிற்று. ஊர் காய்த்துக் குலுங்கியது. என் மகள் பள்ளித் தேர்வில், மாமரம் சொற்பொழிவால் பூக்கும் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். நாங்கள் பெருமைப்பட்டோம்.

இப்படியே சில ஆண்டுகள் போயின. இந்த ஆண்டு தீவில் பன்றி தீர்ந்துவிட்டது. லெச்சோன் இல்லாமலே கூட்டங்கள் நடக்கின்றன. ஒரு மரமும் பூக்கவில்லை.

நேற்றைய கூட்டத்தில் டென்சியா அக்கா எழுந்தார். "போதும்பா விளையாட்டு. கொஞ்சம் சருகு கொளுத்தலாம். பழையபடி புகை போடலாம்."

ஊரே அவரைத் திரும்பிப் பார்த்தது. துணைப் பேச்சாளன் என்ற முறையில் நான்தான் பதில் சொன்னேன்.

"புகைக்கும் பூவுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

பலத்த கைதட்டல். நெஸ்டோரும் தட்டினான். பேச்சுகளை இன்னும் நீட்டுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

பிளாஸ்டிக் மரம் படகில் வந்து இறங்கிவிட்டது. அக்காவின் மரத்தடியில் இன்று நான் பேசுகிறேன்.