எட்டு நாள் எண்ணெய்

சுப்பராயலுவுக்கு நாக்கு நீளம். பேசுறதுக்கு இல்லை, தின்கிறதுக்கு.

வாடைக் காற்றில் ஒரு வாரமாகக் கட்டுமரம் கரையேறிக் கிடந்தது. சும்மா இருக்கிற மனுஷனுக்குப் பசி ரெட்டிப்பு. அந்த நேரம் பார்த்துத்தானா அவன் பெண்டாட்டி பவுனம்மாளுக்கு அந்த வேலை வர வேண்டும்! ஒல்லாந்தர் கோட்டையை ஒட்டிப் பவழம் விற்கிற தாவீது என்கிற யூதர் வீட்டில், எட்டு நாள் பண்டிகைக்குப் பலகாரம் சுடும் வேலை. மாவைப் புளிக்க வைத்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் பொரித்து, தேனில் முக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தின நாளே நாலு உருண்டை வீட்டுக்கு வந்தது. நாலையும் அவனே தின்றான். அப்புறம் மீன் குழம்பு தொண்டையில் இறங்கவில்லை.

வீட்டிலும் சுடு என்றான்.

"பகல்லாம் அங்க எண்ணெய்ச் சட்டி முன்னாடி வேகறேன். ஊட்டுக்கு வந்தும் வேகணுமா?" என்றாள்.

கெஞ்சினால் நடக்காது. சாமி காரியமென்றால் நடக்கும். அந்தப் பண்டிகைக் கதையை அவளே முன்பு சொல்லியிருந்தாள். இப்போது அதை அவளுக்கே பக்தியோடு திருப்பிச் சொன்னான்: அவங்க கோயில் விளக்குக்கு ஒரு நாள் எண்ணெய்தான் இருந்ததாம், அது எட்டு நாள் எரிந்ததாம். எப்பேர்ப்பட்ட சாமி! நாமும் முதல் நாள் ஒரு விளக்கு, மறுநாள் ரெண்டு என்று எட்டு நாள் ஏற்றினால் வலை நிறையாதா? விளக்கு ஏற்றினால் பலகாரமும் சுட்டுத்தானே ஆகணும்?

பவுனம்மாள் மாவு புளிக்க வைக்க ஒரு பானையைத் தேடி எடுத்தாள். சரி என்றாள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கருவாட்டைக் கொடுத்து ஒரு பானை நல்லெண்ணெய் வாங்கினான். எட்டு நாளும் சாயங்காலம் நம்ம வீட்டில்தான் விருந்து என்று பக்கத்து வீட்டுக் கண்ணப்பனிடம் பீற்றிக்கொண்டான்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் வேலையிலிருந்து வந்த பவுனம்மாள் குளித்து, வீட்டில் இருக்கிறதிலேயே பெரிய விளக்கை ஏற்றினாள். ஏற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். மாவு பானையில் பொங்கி வழிந்தது. அவள் அசையவில்லை.

"இன்னாடி, சட்டி வைக்கலயா?"

"விளக்கு எரியற வரைக்கும் பொம்பளைங்க வேலை செய்யக் கூடாதுய்யா. அந்த ஊட்டம்மா வழக்கம். பொழுது சாஞ்சா என்னையும் சட்டியத் தொட விட மாட்டாங்க."

சின்ன விஷயம், அணையட்டும் என்று காத்திருந்தான். கண்ணப்பனும் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தான். சுடர் நிமிர்ந்து நின்றது. எண்ணெய்ப் பானையை எட்டிப் பார்த்தால் பாதி காணோம். அத்தனையும் விளக்குக்குள் போயிருந்தது.

"எப்பதாண்டி அணையும்?"

"நீதானே சொன்ன? ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிஞ்சுதுனு."

கண்ணப்பன் வயிற்றைத் தடவினான். மானம் போகிற நேரம். சுப்பராயலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டினான். உருண்டை பிடித்தான், விரல் சுட்டுக்கொண்டான், மீசையெல்லாம் மாவு. உட்கார்ந்த இடத்திலிருந்தே பவுனம்மாள் சொல்லிக்கொடுத்தாள்: தீயைக் குறை, திருப்பிப் போடு, தேனைச் சிந்தாதே. வெந்ததெல்லாம் கண்ணப்பனுக்கும் அவளுக்கும் போயிற்று. கருகின இரண்டு அவன் பங்குக்கு மிஞ்சியது.

தின்று முடித்த கண்ணப்பன், நாளைக்கும் இதே நேரந்தானே என்று கேட்டுக்கொண்டு எழுந்தான்.

பவுனம்மாள் விரலை நக்கியபடி முந்திக்கொண்டாள்.

"கொஞ்சம் நேரமாவும்ணே. நாளைக்கு ரெண்டு விளக்கு."